விரலும் விசையும்

கணக்கெழுதுகிறவருடைய விரல்களுக்கு மூளையினின்றும் தனித்த ஒரு ஞாபகசக்தி உண்டென்பதை, அந்தமான் தீவுகளின் புரோத்ராபூரில், சென்னையிலிருந்து கப்பலேறி வரும் சரக்கை நம்பி நடக்கும் ஒரு மொத்த வியாபாரக் கடையில், என் நண்பராகிய முதிய கணக்கரின் பக்கத்தில் அமர்ந்து பார்த்தபோதுதான் பூரணமாக உணர்ந்தேன். டாலி என்னும் கணக்கு மென்பொருளில் பல்லாண்டு பழகிய அவருக்கு எஃப் 5 என்றால் பேமெண்ட், எஃப் 6 ரசீது, எஃப் 8 விற்பனை, எஃப் 9 கொள்முதல். கண் பில்லின் மேலேயே இருக்க, விரல் தானாகச் சென்று உரிய விசையில் இறங்கும்.

சென்னையோடு இத்தீவுகளை இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்படும் வரையில் செயற்கைக்கோளின் தயவிலேயே இணையம் ஊர்ந்துகொண்டிருந்தபடியால், பிரவுசருக்குள் கணக்கெழுதும் யோசனை இங்கே யாருக்கும் எழவில்லை. கேபிள் வந்தது, முதலாளியும் புதிய மென்பொருளுக்கு மாறினார். கணக்கர் வழக்கம்போல் பேமெண்ட் எழுத எஃப் 5-ஐ அழுத்தினார்; பிரவுசருக்கோ அது பக்கத்தைப் புதிதாய்க் கொண்டுவரச் சொல்லும் ஆணை. “தம்பி, எழுதினதெல்லாம் எங்கே போச்சு?” என்று அவர் கேட்ட குரலில் கோபத்தைவிட ஆச்சரியமே மிகுந்திருந்தது.

நல்லவேளையாக, ஷார்ட்கட் விசைகளை அவரவர் விருப்பப்படி வகுத்துக்கொள்ள அம்மென்பொருளில் இடமிருந்தது. ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கும் எல்லை உண்டு. அழுத்திய விசை முதலில் விண்டோஸிடமும் அப்பால் பிரவுசரிடமும் சென்று, அவர்கள் விட்டுக்கொடுத்த பிறகே கணக்குப் பக்கத்தை அடைகிறது. எஃப் 5-ஐப் பக்கம் கேட்டால் பிரவுசர் பெருந்தன்மையோடு தந்துவிடும். குரோமில் கண்ட்ரோலோடு டபிள்யூ, என், டி ஆகியவற்றையோ சாதாரண ஜன்னலில் ஒருபோதும் தராது. மூடவிடாமல் ஆளைப் பிடித்துவைக்கும் பக்கங்கள் பெருகிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். மாவட்டச் சிறை அமைந்துள்ள ஊரில் இருந்துகொண்டு இந்த நியாயத்தை நான் எப்படி மறுப்பேன்?

ஒற்றை எழுத்து ஷார்ட்கட்டுகளின் சங்கடம் வேறு வகையானது. வாடிக்கையாளர் பெயரைத் தமிழ்99-இல் அடித்துவிட்டு, ஆங்கிலத்துக்குத் திரும்ப மறந்து, கே என்ற விசையை அழுத்தினால் கணினிக்குக் கிடைப்பது ம; எழுத்தைப் பார்த்து வேலை செய்யும் மென்பொருள் திகைத்து நிற்க, விசை அமைந்த இடத்தைப் பார்க்கும் மென்பொருள் மாத்திரம் தடையின்றி நடக்கிறது. மேலும், பேச்சாலேயே கணினியை இயக்குவோருக்கு இவ்வொற்றை எழுத்துகள் பெருந்தொல்லை என்பதால்தான், 2018-இல் வெளிவந்த வலை அணுகல் நெறிமுறையின் 2.1 பதிப்பு, அவற்றை நிறுத்திவைக்கவோ மாற்றியமைக்கவோ வழியில்லையாயின், உரிய பகுதியில் இருக்கும்போது மட்டுமாவது அவை இயங்க வேண்டுமென விதித்தது. இவ்விதியை வகுத்தவர்களை நான் மனமார மெச்சுகிறேன்.

எங்கள் கணக்கர் தம் பழைய எஃப் விசைகளையே புதிய வீட்டிலும் குடியேற்றிவிட்டார். மாலை வேளைக்கு வரும் பெண்ணோ டாலியையே அறியாதவள். பிரவுசரிலேயே தொழில் கற்றவள். ஒரே லாகினில் இருவரும் வேலை செய்த நாட்களில், பக்கத்தைப் புதுப்பிக்க அவள் எஃப் 5-ஐத் தட்டும்போதெல்லாம் வெற்றுப் பேமெண்ட் படிவமொன்று முன்னே வந்து நின்றது. முதலாளி முணுமுணுத்துக்கொண்டே இரண்டாவது லாகினுக்கும் பணம் கட்டினார்.