தனிச் சர்வர் எடுக்குமுன்

சர்வர் என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவு வருபவர், உணவு விடுதியில் இட்டலியும் சாம்பாரும் கொண்டுவந்து வைப்பவர்தாம். 1964-இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் நாகேஷ் அவர்கள் ஏற்ற வேடமும் அதுவே. இன்று நம் பிள்ளைகள் கூறும் சர்வரும் பரிமாறும் தொழிலையே செய்கின்றது. கேட்பவர்க்குக் கேட்ட பக்கத்தை எடுத்தனுப்பும் கணிப்பொறி அது. இரவு பகல் பாராமல் இணையத்தோடு இணைந்திருப்பது.

நமது சங்கத்தின் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றிவைக்க வேண்டும் என்று செயற்குழுவில் பேச்செழுந்தபோது, இளைஞர் சிலர் நமக்கெனத் தனிச் சர்வரே எடுத்துவிடலாம் என்றனர். பொருளாளர் செலவைக் கேட்டார். விசாரித்து வரும் பொறுப்பு என்னிடம் வந்தது. கணிப்பொறித் துறையில் பட்டம் பெற்றவனல்லேன். ஆயினும் படித்தும், அறிந்தாரைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை அன்பர்கள்முன் வைக்கின்றேன். கடைக்கோ தொழிலுக்கோ இத்தகைய எண்ணம் கொண்டிருக்கும் குடும்பத்தார்க்கும் இவை பயன்படக்கூடும்.

திருப்பதிக்கு வருவோர் தங்கும் வகைகளை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். சத்திரத்துக் கூடத்தில் பலரோடு படுத்துக்கொள்வது ஒன்று. செலவு குறைவு, அடுத்தவர் சந்தடி நம்மையும் பாதிக்கும். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்வது இவ்வகை. பெரிய கட்டிடத்தில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுப்பது மற்றொன்று. ஒரு கணிப்பொறியையே மென்பொருளால் பல பகுதிகளாக்கித் தரும் விபிஎஸ் இவ்வகை. மூன்றாவது, தனி வீடு. முழுக் கணிப்பொறியும் நமக்கே. ஆனால் கூரை ஒழுகினாலும் கதவு பழுதானாலும் பார்க்க வேண்டியவர் நாமே. பராமரிப்பையும் தாங்களே ஏற்கும் நிறுவனங்கள் உண்டு; அதற்குக் கட்டணம் தனி.

தனி வீடு நமக்குத் தேவையா? கணக்கிட்டுப் பார்த்தேன். ஓர் இதழ் 20 மெகாபைட் என்று கொண்டால், 20 ஆண்டுகளின் 240 இதழ்களும் 5 ஜிகாபைட்டுக்குள் அடங்கும். மாதம் ஆயிரம் பேர் ஆளுக்கோர் இதழை இறக்கிக்கொண்டாலும் 20 ஜிகாபைட்டே செல்லும். இதற்குச் சிறு பகுதியே போதும். விழா ஒளிப்படங்களை ஆண்டுக் கணக்கில் சேர்த்து ஒரே வேளையில் பல்லாயிரவர்க்குக் காட்ட முனைந்தால் மட்டுமே தனிச் சர்வரைப் பற்றி எண்ண வேண்டும்.

அவ்வாறு எண்ணுவோர் முதலில் கேட்க வேண்டியவை சில. வட்டுகள் இரண்டு இருந்து, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் பதியுமாறு அமைந்துள்ளதா? ஒரு வட்டு கெட்டால் எத்தனை மணி நேரத்தில் மாற்றுவர்? சர்வர் முடங்கிப்போனால் தொலைவிலிருந்தே அதன் திரையைக் காணவும், மறுபடி இயக்கவும் வழியுண்டா? மாதக் கட்டணத்துக்குமேல் தொடக்கக் கட்டணமும் வரியும் எவ்வளவு? ஓராண்டு ஒப்பந்தத்துக்குக் கட்டாயம் செய்கின்றனரா? புதியவர்கள் மாத ஒப்பந்தத்தோடு தொடங்குதலே நன்று.

இயங்குதளத்தையும் பார்த்துக் கொள்ளல் வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30-உடன் நின்றன. அத்தகைய பழையதை இட்டுத் தந்தால் ஏற்றல் கூடாது. திருத்தங்கள் தொடர்ந்து வரும் டெபியன், உபுண்டு ஆகியவற்றின் நீண்டகாலப் பதிப்புகள் விலையின்றியே கிடைக்கின்றன.

இடத்தைப் பொறுத்தவரை சென்னை நமக்கு அண்மையில் உள்ளது. பக்கங்கள் விரைந்து வரும். ஐரோப்பாவில் வைத்தால் ஒவ்வொரு கேள்விக்கும் விடை திரும்ப ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்கு மேலாகும். ஆயினும் அண்மையே ஓர் ஆபத்தும் ஆகும். 2021 நவம்பரில் சென்னையையும் வாட்டிய பருவமழையே திருப்பதித் தெருக்களையும் வெள்ளக்காடாக்கியது. ஆகவே சர்வர் சென்னையில் இருப்பின், படி ஒன்று மும்பையிலோ வேறு தொலைவூரிலோ இருத்தல் வேண்டும்.

இரண்டு வட்டுகள் இருக்கையில் வேறு படி எதற்கு என்று கேட்கலாம். தவறுதலாக ஒன்றை அழித்தால் இரண்டு வட்டிலும் அழியும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர் நகரில், ஓவிஎச் நிறுவனத்தின் சர்வர் மாளிகை ஒன்று தீயில் முற்றும் எரிந்தது. படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர் சிலர் இரண்டையும் இழந்தனர். ஓவிஎச் பெரிய நிறுவனம். பெருமை தீயைத் தடுக்கவில்லை. எனவே ஒரு படி வெளியூரிலும், மற்றொன்று சங்கத்து அலமாரியிலுள்ள வட்டிலும் இருக்கட்டும். அப்படியிலிருந்து மீட்க முடிகின்றதா என்று ஆண்டுக்கிருமுறை சோதித்தலும் வேண்டும்.

இவற்றினும் முக்கியமானது சாவி. நம்மில் பலர் மாற்றலுக்கு உட்பட்டவர்கள். இன்று சித்தூர், நாளை ஐதராபாத்து, மறுநாள் துபாய். வேற்றூர்ச் சங்கம் ஒன்றின் இணைய முகவரி, அன்றைய செயலாளரின் சொந்தப் பெயரிலும் சொந்த மின்னஞ்சலிலும் பதிவாகியிருந்தது. அவர் ஊர் மாறிச் சென்றார். ஆண்டுத் தொகை கட்ட நினைவூட்டும் கடிதங்கள் எவரும் பாராத இடத்துக்குச் சென்றன. முகவரி பிறர் கைக்குப் போயிற்று. சங்கத்தின் பதினோராண்டு எழுத்தும் அதனோடு மறைந்தது. யாரும் வஞ்சம் செய்யவில்லை. அதனாலேயே அது எங்கும் நிகழக்கூடியது.

ஆதலின் முகவரியும் சர்வரும் சங்கத்தின் பெயரிலேயே பதிவாகவேண்டும். கடவுச்சொற்கள் மூவரிடத்தில் இருத்தல் வேண்டும். பொறுப்பு மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு அவையும் கைமாறி, உடனே புதுப்பிக்கப்படல் வேண்டும். உறுப்பினர் இல்ல முகவரிகளும் தொலைபேசி எண்களும் சர்வரில் ஏறவே வேண்டா.

இவற்றையெல்லாம் எண்ணி, முதல் ஓராண்டுக்குச் சிறு விபிஎஸ் ஒன்றே போதும் எனச் செயற்குழுவுக்குத் தெரிவித்துள்ளேன். அதனை இளைஞர் இருவரும் மூத்தவர் ஒருவரும் சேர்ந்து நடத்தட்டும். தனி வீட்டைக் காக்கும் பழக்கம் கைவந்தபின் தனிச் சர்வருக்குச் செல்லலாம்.

1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. இங்குள்ள நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் தெலுங்கே கற்கின்றனர். வீட்டில் பேசும் தமிழை அவர்கள் ஒருநாள் படிக்க விரும்பிடின், தம் பாட்டனார் பெயர் அச்சேறிய இதழ் அன்று கிடைக்க வேண்டும். இயந்திரம் பெரிதோ சிறிதோ, அந்த நாள்வரை இதழ்கள் அழியாமல் இருப்பதே நமக்கு வேண்டுவது.