கப்பலைப் பிடிக்க ஒரு விமானம்

உல்லாசக் கப்பல் விளம்பரங்களில் நீலக்கடல் இருக்கும், நீச்சல்குளம் இருக்கும், மேசை நிறைய உணவு இருக்கும். கப்பல் நிற்கும் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்வது எப்படி என்பது மட்டும் இருக்காது. அது பயணியின் பாடு.

பினாங்கில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டுப் பாட்டி சிறுமியாக இருந்தபோது நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலில் ஏறி, தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடி மலாயாவுக்கு வந்தவர். மீண்டும் ஒருமுறை கடலில் போக வேண்டும், இந்த முறை கட்டிலில் படுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மகன் 2 ஆண்டுகள் பணம் சேர்த்து, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பலில் குடும்பத்தார் ஐவருக்கும் இடம் பதிவு செய்துவிட்டார். கப்பல் மாலை 5 மணிக்குப் புறப்படும். இனி விமானச்சீட்டு வாங்க வேண்டும்.

பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குப் பறக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். அன்று காலை 11 மணி விமானத்தில் விலை குறைவு. 12.30க்குச் சாங்கியில் இறங்கலாம். குடிநுழைவுச் சோதனை முடித்துப் பெட்டிகளை எடுக்க ஒரு மணி நேரம். மரினா பே உல்லாசக் கப்பல் நிலையத்துக்கு டாக்சியில் அரை மணி நேரம். 2 மணிக்கெல்லாம் போய்விடலாமே! தாளில் போட்ட கணக்கு சரிதான். ஆனால், 5 மணி என்பது கப்பல் கயிற்றை அவிழ்க்கும் நேரம். பயணிகளைப் பதிவு செய்யும் முகப்பை அதற்கு ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். ஆக, கையில் மிஞ்சுவது ஒன்றரை மணி நேரமே. கனமழையால் விமானம் 2 மணி நேரம் தாமதித்தால் பாட்டியின் கட்டில் ஆளில்லாமல் கடலுக்குப் போய்விடும்.

ஐந்து பேருக்காகக் கப்பல் கொஞ்சம் நிற்கக் கூடாதா? நிற்காது. துறைமுகத்திலிருந்து கப்பலை வெளியே கொண்டுசெல்லும் வழிகாட்டி மாலுமி குறித்த நேரத்துக்கு வந்திருப்பார். அது நின்ற இடம் வேறொரு கப்பலுக்குத் தேவைப்படலாம். அடுத்த துறைமுகத்திலும் அதற்கென நேரம் ஒதுக்கியிருப்பார்கள். தவறவிட்டவருக்குப் பணம் திரும்பக் கிடைப்பதும் அரிது.

கப்பல் நிறுவனமே விமானத்தையும் ஏற்பாடு செய்து தருவதுண்டு. அப்படி வாங்கினால், விமானம் தாமதித்தாலும் பயணியைக் கப்பலில் சேர்க்கும் பொறுப்பைப் பெரும்பாலும் நிறுவனம் ஏற்கும். விலை கூடலாம். தானே சீட்டு வாங்கியவர் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதிலும் கோலாலம்பூரில் விமானம் மாறும் பயணத்துக்கு இரண்டு நிறுவனங்களில் தனித்தனிச் சீட்டு வாங்குவது பெரிய துணிச்சல். முதல் விமானம் தாமதித்தால், இரண்டாம் நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்காது.

அடுத்த துறைமுகத்துக்குப் பறந்து அங்கே ஏறிக்கொள்ளலாம் என்பார் சிலர். அதற்குக் கப்பல் நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். அந்த நாட்டுக்குள் நுழையும் அனுமதியும் வேண்டும். சில இடங்களில் சட்டமே குறுக்கே நிற்கும். அமெரிக்காவின் சியாட்டலில் புறப்பட்டு, அலாஸ்காவைச் சுற்றிவிட்டு அங்கேயே திரும்பும் வெளிநாட்டுக் கப்பலைத் தவறவிட்டவர், ஜூனோவில் அதைப் பிடிக்க முடியாது. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் ஏறியவரை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட வெளிநாட்டுக் கப்பல்களுக்குப் பொதுவாக அனுமதியில்லை. அந்தச் சட்டம் 1886ஆம் ஆண்டு இயற்றப்பட்டது!

ஆகவே, முதல்நாளே போய்விடுவதுதான் நல்லது. ஐவருக்கும் ஓர் இரவு விடுதிச் செலவு என்றால் மகன் தயங்கத்தான் செய்வார். ஆனால், 2 ஆண்டுச் சேமிப்புக்கு முன்னால் அது சிறிய தொகை. பாட்டிக்கும் தேக்காவில் ஒரு மாலைப்பொழுது கிடைக்கும்.

விமானத்துக்கும் கப்பலுக்கும் விதிமுறைகள் வேறு வேறு. துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியைப் பயணப்பெட்டியில் வைத்து விமானத்தில் அனுப்பலாம். தீ அபாயம் கருதிப் பல கப்பல்களில் அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கப்பலில் பெட்டியின் எடையைப் பெரும்பாலும் பார்க்கமாட்டார்கள். விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. எனவே, எடைக்கு விமானத்தின் விதியையும் பொருளுக்கு இரண்டின் விதியையும் பார்க்க வேண்டும்.

திரும்பும் நாளிலும் அவசரம் ஆகாது. கப்பல் காலை 7 மணிக்குக் கரை சேர்ந்தாலும், ஆயிரக்கணக்கானோர் வரிசை வரிசையாகத்தான் இறங்குவர். நண்பகலுக்கு முன் புறப்படும் விமானத்தில் இடம் பதிவு செய்தவர் காலை உணவைக்கூட நிம்மதியாக உண்ண முடியாது. மதியம் தாண்டிய விமானமே ஏற்றது. முதல்நாள் இரவே பெரிய பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். அவற்றை மறுநாள் கரையில்தான் பார்க்கலாம். பாட்டியின் மாத்திரைகள், எல்லாருடைய கடப்பிதழ்கள், மறுநாள் உடுத்த உடை ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். உடையை மறந்து, இரவு உடையிலேயே குடிநுழைவு வரிசையில் நிற்க நேர்ந்தவர்களும் உண்டு.