மனுசன்கிட்ட சாமி சாயல் இருக்கா?

பதிவு கொஞ்சம் நீளம்தான். தைப்பூச வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இதை எழுதிடணும்னு தொண்டூழியர்கள் நாங்க பேசி முடிவு பண்ணினோம். பொறுமையா படிங்க.

நம்ம ஈப்போ பக்கம் ஒரே குடும்பத்தில பாதிப் பேர் கோயிலுக்கும் பாதிப் பேர் தேவாலயத்துக்கும் போறது புதுசு இல்ல. அதனால சமய வகுப்புப் பிள்ளைங்க அடிக்கடி கேக்குறாங்க: "கடவுள் மனுசனைத் தன்னோட சாயலா படைச்சார்னு மாமா வீட்டில சொல்றாங்க. நமக்கு அப்படி ஒண்ணும் இல்லையா அங்கிள்?"

முதல்ல அவங்க சொல்றதைச் சரியா புரிஞ்சுக்கணும். பைபிளோட முதல் நூல் ஆதியாகமம். அதில முதல் அதிகாரத்திலேயே இந்தச் செய்தி வருது. கடவுளுக்கும் நம்மள மாதிரி கண்ணு மூக்கு இருக்குன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. அந்தக் காலத்தில எகிப்து, அசிரியா நாடுகளில் ராஜாவைத்தான் தெய்வத்தோட உருவம்னு சொல்வாங்க. ஆதியாகமம் ஆண், பெண் எல்லாரையுமே அப்படிச் சொல்லுது. ராஜாவுக்கு மட்டும் இருந்த மரியாதை மண்ணு வெட்டுறவனுக்கும் உண்டுன்னு ஆயிடுது.

நம்ம ஒரு வெள்ளி நோட்டைப் பாருங்க. அதில முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான் படம் இருக்கு. நோட்டு கசங்கினாலும், மீன் கடையில நனைஞ்சாலும் ஒரு வெள்ளி ஒரு வெள்ளிதான். மனுசன் மதிப்பும் அப்படித்தான்னு அவங்க சொல்றாங்க. நல்ல செய்திதானே.

நம்ம சைவ சித்தாந்தம் வேற வழியில போகுது. பதி, பசு, பாசம் மூணுக்கும் ஆரம்பமே கிடையாது. உயிரைக் கடவுள் புதுசா படைக்கல, அதனால 'சாயலா படைச்சார்' என்ற பேச்சு நமக்குப் பொருந்தாது. ஆனா இறைவன் ஒவ்வொரு உயிருக்குள்ளேயும் கலந்து நிக்கிறான்னு நாம நம்புறோம். திருமூலர் இன்னும் ஒரு படி மேல போறார். உள்ளத்தைக் கருவறைன்னும் உடம்பைக் கோயில்னும் சொல்றார். கோயில்ல இருக்கிற சாமிக்குக் கொடுக்கிறது நடமாடும் கோயிலான மனுசனுக்குப் போய்ச் சேராது, மனுசனுக்குக் கொடுத்தா அது சாமிக்குப் போய்ச் சேரும்னும் சொல்றார். திருமந்திரம் படிச்சவங்களுக்கு இது தெரியும்.

இதைக் கண்ணால பார்க்கிற மாதிரி வச்ச இடங்களும் இருக்கு. கன்னியாகுமரிப் பக்கம் சாமித்தோப்பு. அங்க 1809-இல் பிறந்தவர் ஐயா வைகுண்டர். திருவிதாங்கூர் ராஜா ஆட்சியில, தாழ்த்தி வச்ச சாதிக்காரங்க கோயிலுக்குள்ள போகக்கூடாது, தலைப்பாகை கட்டக்கூடாது. ஐயா வழி மக்களோ தலைப்பாகை கட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னு கும்பிட்டாங்க. தன் முகத்தையே அங்க பாக்கணும். அதே மாதிரி 1927-இல் நாராயண குரு கேரளாவில களவங்கோடு கோயில்ல கண்ணாடியைப் பிரதிஷ்டை பண்ணினார்.

நம்ம தாத்தா பாட்டி கதைக்கு வருவோம். 1910 வரைக்கும் ஒப்பந்தக் கூலி, அப்புறம் 1938 வரைக்கும் கங்காணி கூட்டிட்டு வந்த ஆளுங்க. பேராக் முழுக்கக் காட்டை அழிச்சு ரப்பர் மரம் நட்டது அவங்க கைதான். விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்களத்தில நிறுத்தித் தலை எண்ணுவாங்க. கணக்குப் புத்தகத்தில அவங்க கூலி, அவ்வளவுதான். அந்த ஜனங்கதான் லயத்துப் பக்கத்தில மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் கல்லு நட்டு, நாங்களும் மனுசங்கன்னு நிமிர்ந்து நின்னாங்க. இன்னிக்கு நாம கும்பிடுற பல கோயில் அப்படி வந்ததுதான்.

இப்ப விசயத்துக்கு வர்றோம். இந்த வருசம் அன்னதானத்துக்கு டோக்கன் போடலாம், வெளிநாட்டுத் தொழிலாளிங்க வரிசையைக் குறைக்கலாம்னு ஒரு யோசனை வந்திருக்கு. சாப்பாடு பத்தாம போகுதுங்கிறது உண்மை. தூரத்திலிருந்து காவடி எடுத்து வர்ற நம்ம ஆளுங்க சாப்பிடாம திரும்புறாங்கன்னு சொல்றவங்க ஆதங்கமும் எங்களுக்குப் புரியுது.

ஆனா அந்த வரிசையில நிக்கிற நேப்பாள, வங்காளதேசப் பிள்ளைங்களோடதான் நாங்க பேக்டரியில தினம் வேலை பாக்குறோம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிச்சிட்டு வர்றாங்க. சில இடங்களில் அவங்களைப் பேர் சொல்லிக்கூட கூப்பிடுறதில்ல, பேட்ஜ் நம்பர்தான். நம்ம பாட்டன் பெரட்டுக்களத்தில நின்ன மாதிரிதான் அவங்களும் நிக்கிறாங்க. கோயில் வாசல்லயும் வந்து நாம தலை எண்ணணுமா?

அதனால நாங்க கேக்குறது இதுதான். டோக்கன் வேணாம். ரெண்டு அண்டா சோறு கூடுதலா வடிப்போம். காவடி எடுக்கிறவங்களுக்குன்னு ஒரு பங்கைத் தனியா எடுத்து வச்சிடுவோம். அரிசி, பருப்பு கொடுக்க முடிஞ்சவங்க ஆலய அலுவலகத்தில சொல்லுங்க. காய் நறுக்க விடியற்காலை மூணு மணிக்கு நாங்க வந்திடுவோம், கூட பத்துப் பேர் வந்தா போதும். பரிமாறுறவங்க "பசியாறுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இலையில வைங்க. யார் வந்து உட்கார்ந்தாலும் சரி.

நிர்வாகக் கூட்டத்தில இதை நாங்க எடுத்துச் சொல்லப் போறோம். உங்க கருத்தையும் கீழே எழுதுங்க. வேற மாதிரி நினைக்கிறவங்களும் தாராளமா எழுதலாம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!