ஹைகோர்ட்டுக்கு இரண்டு கோபுரம்

கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் காது தெளிவாக விழுகிறது, கண் மங்கிவிடுகிறது. நண்பர் இணையத்தில் வாங்கிய ஸோர்க்கி-4 கேமராவில் எடுத்த முதல் ரோல் முழுக்க இப்படித்தான். விற்றவர் ‘முழு சர்வீஸ் செய்தது, சோதித்தது’ என்று எழுதி 14,000 ரூபாய் வாங்கியிருந்தார். “மண்ணடியில ஒரு பாய் இருக்கார். கூடவே உட்கார்ந்து பாரு, எழுத விஷயம் கிடைக்கும்” என்று நண்பர் கேமராவை என் தலையில் கட்டிவிட்டார்.

சென்னை மண்ணடியில், இரண்டாம் மாடியில் ஒரே அறை. பெயர்ப் பலகை கிடையாது. எழுபதைத் தொட்ட மனிதர். எல்லோருக்கும் அவர் பாய், அவருக்கு எல்லோரும் தம்பி. கேமராவை வாங்கியதும் முதலில் அவர் தொட்டது, ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழுக்கு அடியில் இருக்கிற சின்ன நெம்புகோலை. பார்ப்பவரின் கண் பவருக்கு ஏற்ப வ்யூஃபைண்டரைத் திருத்துவதற்கு அது. “பாதிப் பேருக்கு இதான் வியாதி. இது நகர்ந்திருக்கும், மங்கலாத் தெரியும், ரிப்பேர்னு தூக்கிட்டு வந்துடுவாங்க.” எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

மாஸ்கோ பக்கத்தில் க்ராஸ்னோகோர்ஸ்க் ஆலையில் 1956 முதல் 1973 வரை லட்சக்கணக்கில் செய்து தள்ளிய கேமரா இது. இந்த வகையில் லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை. மேலே பார்ப்பதற்கு ஒரு ஜன்னல், சற்றுத் தள்ளி ஒரு சிறு வட்ட ஜன்னல். இரண்டு காட்சியையும் அரைப்பூச்சுக் கண்ணாடி ஒன்று நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும். லென்ஸைத் திருப்பினால், அதன் முதுகைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு உலோக நாக்கு அசையும். அத்துடன் இரண்டாவது உருவமும் நகரும். இரண்டும் ஒட்டிக்கொண்ட இடத்தில் ஃபோகஸ் சரி. 50 மி.மீ. லென்ஸ் முடிவிலியிலிருந்து ஒரு மீட்டருக்கு வர முன்னால் நகர்வது ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர்தான். துறைமுகத்துக் கிரேனிலிருந்து எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள்வரை அத்தனை தூரமும் அதற்குள் அடக்கம். அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, எஃப்/2-இல், ஒரு மீட்டரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் ஐந்து சென்டிமீட்டர். நாக்கு கொஞ்சம் பிசகினாலும் கண்ணுக்கு வைத்தது காதுக்குப் போய்விடும்.

மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். “கோர்ட்டைப் பாருங்க தம்பி.” லென்ஸை முடிவிலியில் வைத்துவிட்டுப் பார்த்தேன். ஹைகோர்ட்டுக்கு இரண்டு கோபுரம். ஒன்று சிவப்பு, இன்னொன்று வெளிறிப்போய், கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் உயர்ந்து நின்றது. 1892-இல் திறந்த கட்டடம் அது. 1894 முதல் 1977 வரை அந்தப் பெரிய கோபுரத்தின் உச்சியில்தான் சென்னையின் கலங்கரை விளக்கம் எரிந்தது. விளக்கு மெரினாவுக்குப் போனபிறகும் பாய்க்கு அந்தக் கோபுரம் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நான் உடனே திருப்புளியை எடுப்பார் என்று நினைத்தேன். அவர் கீழே இறங்கிவிட்டார். “லென்ஸ் பொய் சொல்லுதா, ஜன்னல் பொய் சொல்லுதான்னு முதல்ல தெரியணும்ல?”

அதற்கு அவர் வைத்திருக்கும் கருவிதான் அந்த அறையின் ராஜா. ஒரு பழைய பென்டாக்ஸ் கே1000. ஷட்டர் செத்துப்போனது, படம் எடுக்காது. அதில் 135 மி.மீ. லென்ஸை மாட்டி, முடிவிலியில் வைத்து டேப் சுற்றி, உடைந்த தையல் மிஷின் மேஜையின் பலகையில் திருகி நிறுத்தியிருக்கிறார். ஸோர்க்கியின் பின்மூடியைக் கழற்றி, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தில் ஒரு தேய்த்த கண்ணாடித் துண்டை வைத்தார். லென்ஸைப் பார்க்கும் முகத்தில் ஊசியால் கீறிய சிலுவைக் கோடு. ஷட்டரை ‘பி’யில் திறந்து நிறுத்தி, பின்னால் ஒரு பல்பு. இப்போது இரண்டு கேமராவும் முகத்தோடு முகம். ஸோர்க்கியின் லென்ஸ் உண்மையிலேயே முடிவிலியில் இருந்தால், கீறல் பென்டாக்ஸின் கண்ணில் முடிவிலியிலிருந்து வருவதுபோல் கூர்மையாகத் தெரியும். நீளமான லென்ஸ் வழியாகப் பார்ப்பதால் பிழையும் பெரிதாகத் தெரியும். ஆய்வுக்கூடங்களில் இதற்கென்றே விற்கும் கருவியின் விலைக்கு இந்த அறையைப் பல வருடம் வாடகைக்கு எடுக்கலாம். பாய்க்குச் செலவு, யாரோ விட்டுப்போன ஒரு செத்த கேமரா.

கீறல் மங்கலாக இருந்தது. லென்ஸும் பொய் சொல்லியிருக்கிறது. அதைப் பிரித்து, காய்ந்த கிரீஸைத் துடைத்து, மறுபடி பூட்டியதை நான் விவரிக்கப் போவதில்லை. நெடுநேரம் துடைத்தார், அவ்வளவுதான்.

பிறகுதான் ஜன்னலின் முறை. முகப்பில் வட்ட ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மூடித் திருகு. அதை எடுத்தால் உள்ளே இன்னொரு பொடித் திருகு. அதுதான் வெளிறிய கோபுரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தும். மேல்கீழ்ப் பிசகுக்கு வட்ட ஜன்னலின் கண்ணாடியையே சுழற்ற வேண்டும். ஆனால் அதைச் சுழற்றினால் பக்கவாட்டும் கொஞ்சம் கெடும். கோபுரம் ஒன்றானதும் கீழே வந்து, ஒரு மீட்டர் தூரத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் நாட்காட்டித் தாளைப் பார்க்க வேண்டும். தூரத்தை லென்ஸிலிருந்து அளக்கக் கூடாது, ஃபிலிம் இருக்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். அங்கே எழுத்து இரண்டாகத் தெரிந்தால் உலோக நாக்கின் சாய்வைத் துளி திருப்ப வேண்டும். திருப்பினால் கோபுரம் மறுபடி இரண்டாகும். மறுபடி மாடி. மறுபடி நாட்காட்டி. எழுபது வயதில் அந்தப் படிகளை அவர் எத்தனை தடவை ஏறினார் என்று எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன்.

அரைப்பூச்சுக் கண்ணாடியை மட்டும் அவர் துணியால் தொடவில்லை. ஊதினார். “துடைச்சா பூச்சு கையோட வந்துடும். அப்புறம் ரெண்டாவது படம் தெரியவே தெரியாது.” நல்ல கண்ணாடி வேண்டுமானால் இன்னொரு கேமராவைக் கொல்ல வேண்டும்.

அவர் பிறந்தது ரங்கூனில். 1964-இல் கப்பலில் வந்து இறங்கியபோது அத்தாவிடம் மிச்சமிருந்தது ஒரு டிரங்குப் பெட்டி. பர்மாவிலிருந்து வந்தவர்கள் பீச் ஸ்டேஷன் எதிரே கடை போட்டபோது அத்தாவும் ஒரு மேஜை போட்டார். ருஷ்யக் கப்பல் மாலுமிகள் சிகரெட்டுக்கும் துணிக்கும் ஸோர்க்கி, ஃபெட் கேமராக்களைக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். ஓடாததையும் தள்ளிவிடுவார்கள். ஓடாததெல்லாம் எட்டாம் வகுப்போடு நின்ற பையனிடம் வந்தது. அப்புறம் வளைகுடாவிலிருந்து வந்தவர்களின் யாஷிகா எலெக்ட்ரோக்கள். எல்லாம் பிரித்துப் பார்த்துப் படித்ததுதான்.

பேச்சுவாக்கில் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் கதையைச் சொன்னேன். லைக்காவும் கையுமாக உலகம் சுற்றியவர், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படம் எடுத்தவர். பாய் சுவாரஸ்யமாகக் கேட்டுவிட்டு, “அவரு கேமராவையும் ஒருத்தன் செட் பண்ணித்தானே குடுத்திருப்பான்? அவன் பேரு என்ன?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

இங்கே கூலிக் கணக்கைச் சொல்லாமல் நகர முடியவில்லை. இந்த வேலைக்குப் பாய் என்னிடம் கேட்டது 800 ரூபாய். வியாபாரிகள் மொத்தமாகக் கொடுக்கும்போது 500 கூடத் தேறாது. பரணிலிருந்தும் காயலான் கடையிலிருந்தும் கிலோக் கணக்கில் வந்த கேமரா, இவர் கைபட்டபின் இருபது மடங்கு விலைக்குப் போகிறது. விளம்பரத்தில் செடி, காபிக் கோப்பை, மரமேஜை எல்லாம் இருக்கும். சரிசெய்தவர் இருக்க மாட்டார். இதையாவது பொறுக்கலாம். நண்பரின் கேமரா யார் கையும் படாமலே ‘சர்வீஸ் செய்தது’ ஆகியிருக்கிறது. இது வியாபாரம் அல்ல, திருட்டு. ஊட்டியில் 1967 முதல் ‘இந்து’ ஃபிலிம் செய்த ஆலை இன்று இல்லை. ஒவ்வொரு ரோலையும் வெளிநாட்டு விலை கொடுத்து வாங்கும் பிள்ளைகளின் பணம் மங்கலான படங்களாகப் போகிறது. ஃபிலிம் மோகம் திரும்பிவிட்டது என்று கொண்டாடுபவர்கள், அந்த மோகத்தில் யார் பை நிறைகிறது என்றும் எழுதட்டும்.

நான் இருக்கும்போதே ஒரு வியாபாரியின் போன் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மூன்று கேமரா வேண்டுமாம், உள்வேலை வேண்டாமாம், வெளியே பளபளவென்று இருந்தால் போதுமாம். “அதுக்கு நான் எதுக்கு, பாலிஷ் போடறவனக் கூப்புடு” என்று வைத்துவிட்டார்.

கிளம்பும்போது ஒரு எச்சரிக்கை: ஷட்டரைச் சுற்றி ஏற்றாமல் ஸ்பீடு குமிழைத் திருப்பவே கூடாது, ஸோர்க்கி அதில்தான் சாகும். உங்கள் நம்பரைக் கட்டுரையில் போடட்டுமா, நேராக உங்களிடமே வருவார்களே என்றேன். மேஜையில் பிரித்துக் கிடந்தவற்றைக் காட்டினார்.

“வேணாம் தம்பி. ஐப்பசி பொறந்தாச்சு. மேகம் வந்தா கோர்ட்டே தெரியாது. இருக்கறத முடிக்கவே வெயில் பத்தல.”