தண்ணீரை விழுங்கும் தொண்டை

அணை கட்டாமல் ஆற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பார்க்க வேண்டுமா? அலாஸ்காவிலுள்ள இகியூகிக் கிராமத்துக்கு வாருங்கள். ரோடு கிடையாது, சின்ன ஆகாய விமானம்தான்! ஜனத்தொகை எழுபது சுமார். யூபிக் மொழியில் ஊர்ப் பெயருக்குத் 'தண்ணீரை விழுங்கும் தொண்டை போன்றது' என்று பொருளாம். பொருத்தந்தான்; இலியம்னா என்னும் பிரம்மாண்டமான ஏரி இங்கேதான் க்விசாக் நதியாக இறங்கி ஓடுகிறது.

வாசலில் இத்தனை வேகம் இருந்தும், விளக்கெரிக்க டீஸல் எங்கிருந்தோ வர வேண்டியிருந்தது. விலையை நீங்களே ஊகித்துக் கொள்ளுங்கள்! 2019-ல் நதியின் அடியில் ஒரு சுழலியை இறக்கினார்கள். அணைக்கட்டு டர்பைனுக்குத் தண்ணீர் உயரத்திலிருந்து விழவேண்டும்; இதற்கு ஓடினாலே போதும். புல் வெட்டும் யந்திரத்தின் உருளை மாதிரி, நீரோட்டத்துக்குக் குறுக்கே படுத்தபடி சுற்றுகிறது. சக்தி 35 கிலோவாட். சிரிக்காதீர்கள்; அந்த ஊருக்கு அது பெரிய வரவு.

ஆனால் க்விசாக் என்றால் சால்மன் மீன் அல்லவா? கோடையில் கடலிலிருந்து லட்சக்கணக்கில் முட்டையிட ஏறி வரும். ஊராருக்குக் குளிர்காலச் சாப்பாடே அதுதான். விளக்குக்காக மீனை இழக்க யார் சம்மதிப்பார்கள்? ஆகவே நீருக்கடியில் காமிரா வைத்துக் காவல் காத்தார்கள். 2015-ல் நடந்த வெள்ளோட்டத்தில் பெரிய மீன்களுக்குக் காயம் எதுவும் தென்படவில்லை. கவலையெல்லாம், வசந்தத்தில் ஏரியிலிருந்து கடலுக்கு ஓட்டத்தோடு போகும் விரல் நீளக் குஞ்சுகளைப் பற்றித்தான்.