பாலாவும் குர்ஜீஃபும் பின்னே என் பொண்ணும்

குர்ஜீஃப்னு ஒரு குரு. ஆர்மேனியாவில் பிறந்தவர், 1949ல் காலமானார். இளமையில் ஞானம் தேடி அலைந்ததை அவர் எழுதின புத்தகம்தான் 'மீட்டிங்ஸ் வித் ரிமார்க்கபிள் மென்'. 1979ல் பீட்டர் புரூக் அதைப் படமாக்கினார். ஆமாங்க, பின்னாடி மகாபாரதம் எடுத்தாரே, அவரேதான்.

போன வாரம் பார்த்தேன். முக்கால்வாசிப் படம் கொட்டாவி. ஒரு மலை, ஒரு சாமியார், ஒரு கேள்வி. அப்புறம் இன்னொரு மலை. கடைசியில் ஒரு மடத்துல நடனம் ஆடறாங்க பாருங்க, நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். கைக்கு ஒரு கணக்கு, காலுக்கு ஒரு கணக்கு, தலைக்கு இன்னொரு கணக்கு. முகத்துல சலனமே இல்லை. ஆடினவங்க நடிகர்கள் இல்லை. குர்ஜீஃபின் சிஷ்யை ழான் த சால்ஸ்மான் வருஷக்கணக்கா பழக்கின ஆட்கள். குருவா ஒரு நடிகர் நடிச்சிடலாம், அந்த ஆட்டத்தை நடிச்சுக் காட்ட முடியாது போல.

உடனே சத்யஜித் ரே 1976ல் எடுத்த 'பாலா' ஞாபகம் வந்துச்சு. அரை மணி நேர ஆவணப்படம், தமிழ்நாடு அரசும் பணம் போட்டது. இதுல வேஷம் போட ஆளே இல்லை, பாலசரஸ்வதியே ஆடறாங்க. அப்போ வயசு 58. கடற்கரையில் காத்து புடவையைப் பிடிச்சு இழுக்குது, அம்மா கண்டுக்காம கிருஷ்ணனைக் கூப்பிடறாங்க. (ரே அதை ஒரு அறைக்குள்ளேயே எடுத்திருக்கலாம்னு எனக்கு இன்னும் ஆதங்கம்.) குர்ஜீஃப் ஆட்டத்துக்கு நேர் எதிர், இங்கே எல்லாமே முகத்துலதான்.

பாலாவோட பாட்டி வீணை தனம்மாள் வாழ்ந்த ஜார்ஜ் டவுன் எங்க பேசின் பிரிட்ஜுக்குப் பக்கம்தான். மூலக்கொத்தளம், மின்ட் தாண்டினா வந்துடும். பொட்டுக்கட்டுவதை 1947ல் சட்டம் போட்டு நிறுத்தினாங்க, அது சரிதான். ஆனா அதோட சேர்த்து சிருங்காரத்தையும் கழுவித் துடைக்கப் பார்த்தப்போ, முடியாதுன்னு நின்னது பாலா.

எங்க வீட்டு விஷயத்துக்கு வர்றேன். பொண்ணுக்குப் பதினொரு வயசு. டான்ஸ் டீச்சர் ஊர் மாறிப் போய் ஆறு மாசமாச்சு. சுவத்துல போனைச் சாய்ச்சு வச்சு வீடியோ பார்த்துதான் ஆடறா. அதுல ஒரு சிக்கல், எதிரே நிக்கிறவங்களைப் பார்த்து ஆடினா இடது வலதாயிடுது. அரைமண்டி சரியா உட்காரலைன்னா போன் திட்டாது, தட்டுக்கழியும் தட்டாது. பாலாவைப் போட்டுக் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்துட்டு, "அப்பா, இவங்க கிட்ட கத்துக்கலாமா?"ன்னு கேட்டா. 1984லயே போயிட்டாங்கம்மான்னு சொன்னேன். மூஞ்சி தொங்கிப் போச்சு.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் நல்ல டீச்சர் யாராவது தெரிஞ்சா சொல்லுங்கப்பா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேலன்னா சௌகரியம்.