கன்னியும் சிப்பிப்பாறையும்

உயர்ந்த நாயைச் 'சாதி நாய்' என்பது நாட்டு வழக்கு. மனிதரிடத்தில் சாதி இல்லை என்று மேடையேறி முழங்குவோரும் நாய் வாங்கப் போகுமிடத்தில், "சாதி நாய்தானா?" என்று கேட்கக் கூசுவதில்லை. கேட்பதில் குற்றமுமில்லை. மந்தைக்குக் காவலிருக்கும் நாயும் முயலைத் துரத்திப் பிடிக்கும் நாயும் ஒன்றல்ல என்பது கண்கூடு. ஆயினும் ஓர் இனம் எங்கே முடிகிறது, மற்றோர் இனம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், விடை நாம் எண்ணுவதுபோல் அத்தனை எளிதன்று.

தமிழ்நாட்டின் தென்பகுதிக் கரிசல் நிலத்திலே வழிவழியாக வளர்ந்து வரும் வேட்டை நாய்கள் சில உண்டு. நீண்ட முகமும், ஆழ்ந்த மார்பும், ஒட்டிய வயிறும், மெலிந்து உயர்ந்த கால்களும் அவற்றின் இலட்சணம். விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைத் தாங்கிய சிப்பிப்பாறை அவற்றுள் ஒன்று. கருமேனியும், புருவத்திலும் காலிலும் செம்பழுப்புமாக விளங்குவது கன்னி. பால் நிறமுடையதைப் பாலகன்னி என்பர். இவ்விரண்டும் ஓரினமா, ஈரினமா என்பதே வழக்கு. இவ்வழக்கு இன்று கைப்பேசி வழியாகக் கடல் கடந்து வந்து, சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் தேநீர்க் கடை மேசைகளில் ஏறி அமர்ந்திருக்கிறது.

ஒன்றே என்போர் கூறுவது இது: உடற்கட்டும் ஓட்டமும் வேட்டைத் திறனும் ஒன்றாயிருக்க, நிறம் ஒன்றைக் கொண்டு இனம் பிரிப்பது தகாது. இரண்டே என்போரின் கட்சி வேறு: கன்னி கன்னியையே ஈனுகிறது, அதனைத் தலைமுறை தலைமுறையாகத் தனித்துக் காத்த குடும்பங்கள் உண்டு, குணத்திலும் நுட்பமான வேறுபாடு உண்டு.

இரண்டாங் கட்சியார் கூறும் முதற் காரணத்தைச் சற்றே ஆராய்வோம். நாய்க்குட்டி ஒவ்வொன்றும் நிறத்துக்குரிய மரபுக்கூற்றில் ஒரு பங்கைத் தந்தையிடமிருந்தும் மறு பங்கைத் தாயிடமிருந்தும் பெறுகிறது. செம்மஞ்சள் நிறத்துக்குரிய பங்கு, கருமையும் செம்பழுப்பும் கலந்த நிறத்துக்குரிய பங்கை மறைத்துவிடும் இயல்புடையது. ஆகவே செம்மஞ்சள் நாய்கள் இரண்டு, தத்தம் மேனியில் தோன்றாத அந்தப் பங்கை உள்ளே கரந்து வைத்திருக்கக்கூடும். அவை கூடினால், சராசரியாக நாலில் ஒரு குட்டி கருஞ்செம்மையாகப் பிறக்கும். கருஞ்செம்மை நாய்கள் இரண்டு கூடினாலோ, மறைப்பதற்குரிய பங்கு இருவரிடத்தும் இல்லாமையால், குட்டிகள் பெரும்பாலும் கருஞ்செம்மையாகவே பிறக்கும். கன்னி கன்னியையே ஈனுவதன் மருமம் இதுவே. அது தனி இனத்துக்குச் சான்றாகாது. மேலும், சிப்பிப்பாறைத் தாயின் மடியில் பால் குடிக்கும் நாலு குட்டிகளுள் ஒன்றை மட்டும் எடுத்து, "நீ வேற்றினம்" என்று சொல்லுமாறு இவ்வாதம் நம்மைக் கொண்டு போய் நிறுத்துகிறதே! இதனை அறிவு ஒப்புமா?

ஆயின் இத்தனை காலம் எழாத பூசல் இப்போது எழுவானேன்? முன்னாளில் இந்நாய்களுக்குத் தேர்வு நடத்தியது வெளிநிலம். முயலை எட்டிப் பிடித்த நாய் வளர்ந்தது, பிடியாதது கைவிடப்பட்டது. நிறம் பற்றிக் கவலைகொள்ள வேட்டைக்காரனுக்கு நேரமில்லை. 1972-ஆம் ஆண்டில் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விலங்குகளுக்கு அது நன்மையே. ஆயினும் வேட்டை நாயின் தொழில் அதனோடு ஒடுங்கியது. ஓட்டம் தேர்ந்தெடுத்த இடத்தில் கண் வந்து அமர்ந்தது. கண்ணுக்கு முதலில் தெரிவது நிறம். ஆகவே நிறமே இனம் என்றாயிற்று.

கண்ணின் தேர்வு நாயை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அயலூர் செல்ல வேண்டா. இராசபாளையம் நாயே போதும். தூய வெண்மேனிக்காகப் பெயர் பெற்ற அந்நாய்களிடையே செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. நாய்களில் வெண்மைக்கும் செவிட்டுத்தன்மைக்கும் தொடர்பு உண்டென்பது அறிஞர் கண்ட உண்மை. நாம் விரும்பிய அழகுக்கு நாய் தன் செவியை விலையாகக் கொடுக்கிறது.

பிற நாடுகளின் அனுபவமும் நமக்குப் பாடமாகும். பெல்ஜியத்து மேய்ப்பு நாயில் மயிரின் நீளமும் நிறமும் பற்றி நால்வகை உண்டு. பன்னாட்டு நாய் வளர்ப்போர் சம்மேளனம் அவற்றை ஓரினத்தின் நான்கு வகை என்கிறது. அமெரிக்கக் கென்னல் கிளப்போ 1959-ஆம் ஆண்டில் அவற்றுள் மூன்றைத் தனித்தனி இனமாக்கியது. நான்காவதை 2020-இல் தனியே சேர்த்தது. கடலின் இக்கரையில் ஒன்றாயிருக்கும் நாய் அக்கரை சேர்ந்ததும் நான்காகிறது! இங்கிலாந்திலோ நார்விச் டெரியர் என்ற ஒரே நாயை, காது நிமிர்ந்தது நார்விச், காது மடிந்தது நார்போக் என்று 1964-இல் இரண்டாக்கினர். பிரிவினை எல்லாமே பிழை என்றும் சொல்லிவிட முடியாது. வேல்ஸ் நாட்டுக் கார்கி நாய்களை ஒரே ஏட்டில் எழுதி வந்தவர்கள், 1934-இல் கார்டிகன், பெம்புரோக் எனப் பிரித்தனர். அவை வாலிலும் உடற்கட்டிலும் வேறுபட்டவை. அப்பிரிவுக்கு நியாயம் இருந்தது. காது மடிவதும் நிறம் மாறுவதும் அத்தகைய நியாயமாகா.

கன்னி வளர்ப்போரின் குறை ஒன்று மட்டும் மெய்யானது; அதனை நாம் மறைக்கலாகாது. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைவனம் 2020-ஆம் ஆண்டளவில் நாய் இனங்களை முதன்முதலாகப் பதிவு செய்தபோது, இராசபாளையம், சிப்பிப்பாறை, முதோல் என்ற மூன்றும் இடம் பெற்றன. கன்னி இடம் பெறவில்லை. அதே 2020 ஆகஸ்டில் இந்தியப் பிரதமர் தம் வானொலி உரையில் கன்னியையும் சிப்பிப்பாறையையும் தனித்தனியே பெயர் சொல்லிப் பாராட்டினார். நாவில் இடம் உண்டு, ஏட்டில் இடமில்லை! நாம் தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். ஏட்டின் வலிமை நமக்குத் தெரியும். செக்ரோலில் பெயரில்லாதவன் நாள் முழுதும் உழைத்தாலும் அவனுக்குக் கூலியில்லை. "ஒன்றாக்கினால் எங்கள் பெயர் அழிந்துபோம்" என்று கன்னிக்காரர் அஞ்சுவது வீணச்சமன்று.

ஆனால் அவ்வச்சத்துக்கு மருந்து பிரிவினையன்று. எண்ணிக்கையில் குறைந்த நாய்களை இரண்டு ஏட்டில் அடைத்து, ஒன்றோடொன்று கூடலாகாது என்று விதித்தால், ஒவ்வோர் ஏடும் நெருங்கிய உறவுக்குள்ளேயே குட்டி ஈனும். மறைந்து கிடந்த நோய்கள் வெளிப்படும், குட்டிகள் குறையும். பெயரைக் காக்கப் புகுந்து நாயை இழப்போம். ஆதலின் ஏடு ஒன்றாயிருக்கட்டும். அதன் முகப்பிலே கன்னி, சிப்பிப்பாறை என்ற இரு பெயரும் சமமாக நிற்கட்டும். குட்டியின் நிறம் எதுவோ அப்பெயரை எழுதுக. தாய் தந்தை யாரென்றும், பாட்டன் பாட்டி யாரென்றும், செவி கேட்கிறதா, நோய் உண்டா என்றும் எழுதுக. இரத்தம் குறுகும்போது கலப்புக்குக் கதவு திறந்திருக்கட்டும்.

நம் நேயர்களுக்கு இன்னுமொரு சொல். முற்காலத்துத் தோட்டங்கள் சிலவற்றில் சாதி பார்த்து லயங்கள் ஒதுக்கப்பட்டதை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரே கப்பலில் வந்து, ஒரே பிரட்டில் நின்று, ஒரே கத்தியால் பால் வெட்டியவர்களை ஒரு சுவர் பிரித்தது. நாயின் இனமாவது மனிதன் தேர்ந்து தேர்ந்து உண்டாக்கியது. அதற்கு உடம்பிலே அடையாளம் உண்டு. மனிதச் சாதிக்கு அந்த அடையாளமும் இல்லை. சுவர் மட்டுமே உண்டு. நாய் நூலிலிருந்து 'தூய இரத்தம்' என்ற சொல்லைக் கடன் வாங்கி மனிதருக்கு அளப்போர், அச்சொல் நாய்க்கே கேடு செய்வதைக் கண்டாவது தெளிக.

நம் வாசற்படியில் படுத்து, பாம்பைக் கண்டு குரைத்து, எஜமான் வரும் காலடியோசைக்கு வாலாட்டும் நாய்க்கு எந்த ஏட்டிலும் பெயரில்லை. அதன் உடம்பிலே எத்தனையோ இரத்தம் கலந்திருக்கிறது. அதற்கும் ஒரு வேளைச் சோறும், வெறிநோய்த் தடுப்பூசியும், கல்லெறி படாத வாழ்வும் உரியன. இனம் ஒன்றா இரண்டா என்று நாம் வழக்காடும் பொழுதெல்லாம், வழக்கின் பயன் நாய்க்குச் சேர்கிறதா என்ற கேள்வியை முதலில் கேட்போமாக.